ஆயா வீட்டுச் சரஸ்வதி படம்: சட்டத்தைப் பிரித்துப் பார்த்த பதிவு

ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் ஓடு மாற்றும் வேலை தொடங்கியபோது இரண்டாங்கட்டு அறையில் சாத்தி வைத்திருந்த பழைய படங்களை எல்லாம் முகப்புக்குக் கொண்டு வந்தோம். இருபதுக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேல் காலண்டர் படங்கள், சில குடும்பப் புகைப்படங்கள். அவற்றுக்கு நடுவே கனமான தேக்குச் சட்டத்தில் ஒரு சரஸ்வதி. பாறையில் அமர்ந்து வீணை வாசிக்கிறாள், பக்கத்தில் மயில். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"ஆத்தா கல்யாணமாகி வர்றப்பவே இது இந்த வீட்ல இருந்துச்சாம். சரசுவதி பூசைக்கு இதைத்தான் இறக்கி வைப்பாக" என்றார் ஆயாவின் மகனான அம்மான். "ரவிவர்மா படம்னு சொல்லுவாக. நெசமா என்னன்னு பாரேன்."

நான் இதற்கு முன் இரண்டு மூன்று பழைய படங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்பக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அந்தத் துணிச்சலில் எடுத்த எடுப்பிலேயே ஒரு தவறு செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தைக் கவிழ்த்துப் போட்டதும் பின்பலகை முழுக்க ஒட்டடையும் புகைப்படலமுமாக இருந்தது. கையில் இருந்த ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். பலகையின் கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு காகிதம் ஒட்டியிருந்ததை அழுக்கோடு அழுக்காகக் கவனிக்கவில்லை. படத்துக்குக் கண்ணாடி போட்ட கடையின் சீட்டு அது. துணியை எடுத்தபோது மேல் வரியும் கடைசி வரியும் கரைந்துபோய், நடுவில் "…டு சன்ஸ்" என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சின. கடைசி வரியில்தான் ஊர்ப் பெயர் இருந்திருக்கும். அந்த ஒரு வரி இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்கும். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அதற்குப் பிறகு எல்லா வேலையும் உலர்ந்த கையோடும் உலர்ந்த தூரிகையோடும்தான். ஒவ்வொரு அடுக்கையும் கழற்றுவதற்கு முன் ஃபோனில் படம் எடுத்தேன். பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடித்தும் இருக்கிறார்கள். வயதும் பிறப்பும் தெரிவது பின்பக்கத்திலும், சட்டத்துக்குள் மறைந்த ஓரத்திலும்தான்.

வைத்திருந்த கருவிகள் அதிகம் இல்லை. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லூப், கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச், சாதாரண டார்ச், அளவு நாடா, மெல்லிய பெயிண்ட் பிரஷ், மழுங்கிய கத்தி.

கண்ணாடியை எடுப்பதற்கு முன் சட்டத்தைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அந்த இடம் நனைந்த துணி போலக் கருத்துத் தெரியும். அப்படித் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, தாள் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. இழுத்தால் மையும் வார்னிஷும் கண்ணாடியோடு போய்விடும். எங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை.

பலகையைப் பிடித்திருந்த ஆணிகள் துருவேறி இருந்தன. ஒவ்வொன்றையும் குறட்டால் நேராக இழுத்தேன், நெம்பவில்லை. பலகையை எடுத்ததும் உள்ளே ஒரு பழைய தமிழ்ச் செய்தித்தாளை மடித்துப் போட்டிருந்தார்கள். தேதி உள்ள மேல்பகுதியைக் கிழித்திருந்தார்கள். ஆனால் ஒரு விளம்பரத்தில் விலை ரூபாய், அணா, பை என்று இருந்தது. அணாக் கணக்குக்குப் பதிலாக நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 முதல். ஆக அந்தத் தாள் பெரும்பாலும் அதற்கு முந்தையது. செய்தித்தாளுக்குக் கீழே படம்.

வெயில் விழாத இடத்தில் சுத்தமான வெள்ளைத் துணியை விரித்துப் படத்தை வைத்து, டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்து ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினேன். மேலிருந்து பார்த்தால் தெரியாதது அப்போது தெரிந்தது. தாள் முழுக்க மெல்லிய கட்டம் கட்டமாக, துணி நெய்தது போல ஓர் இழையமைப்பு. அதன் மேல் கண்ணாடி மாதிரி வார்னிஷ், அதில் நுண்ணிய வெடிப்புகள். ஒலியோகிராஃப் என்று சொல்வது இதைத்தான். கல்லில் அச்சிட்ட வண்ணப்படத்தை, கான்வாஸில் தீட்டிய எண்ணெய் ஓவியம் போலத் தோன்றுவதற்காக இழை பதியும்படி அழுத்தி, மேலே வார்னிஷ் பூசிவிடுவார்கள். விரலால் தடவிப் பார்த்து "இது கையால் வரைந்த பெயிண்டிங்" என்று நம்பிவிடும் வீடுகள் நிறைய உண்டு.

அடுத்து லூப். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒப்பிட்டுப் பார்க்கவென்று அந்தக் குவியலில் இருந்தே ஒரு சிவகாசிக் காலண்டர் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். காலண்டரில் லட்சுமியின் கன்னத்தை லூப்பில் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கே நிறப் புள்ளிகள். அவை வரிசை பிசகாமல், சின்னச் சின்னப் பூக்கோலம் போல வட்டம் வட்டமாக நிற்கும். ஆஃப்செட் அச்சின் அடையாளம் அது. புகைப்படக் கருவியும் திரையும் சேர்ந்து படத்தைப் புள்ளியாக்கியதால் வந்த ஒழுங்கு.

சரஸ்வதியின் கன்னத்தில் அந்த ஒழுங்கே இல்லை. புள்ளிகள் இருந்தன. ஆனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று நீண்டு வளைந்தது. இளஞ்சிவப்புப் புள்ளிகளுக்கு இடையே சாம்பல் நிறப் புள்ளிகள், அவற்றுக்கு அடியில் புள்ளியே இல்லாத வெளிர் மஞ்சள் படலம். மயிலின் கழுத்தில் இரண்டு வேறு நீலங்களும் ஒரு பச்சையும் தனித்தனி மைகளாகவே இருந்தன. ஒவ்வொரு புள்ளியையும் ஒருவர் கையால் கல்லில் வைத்திருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் லூப்பைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

கல்லச்சு நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1796இல் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அடிப்படை. ஜெர்மனியின் பவேரியாவில் வெட்டி எடுக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். வண்ணப்படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். மூல ஓவியத்தைப் பார்த்து, எந்த நிறம் எங்கே எவ்வளவு என்று மனக்கணக்காகப் பிரித்து, இடவலமாகத் திருப்பி வரைய வேண்டும். நல்ல ஒலியோகிராஃபுக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்கள்கூடத் தேவைப்படும். ஒரே தாள் அத்தனை முறை அச்சுக்குப் போய், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வேண்டும்.

அது இம்மி பிசகும். அந்தப் பிசகுதான் நமக்கு உதவி. படத்தின் விளிம்பில், சட்டம் மறைத்திருந்த பகுதியில் பாருங்கள். ஒரு கல் மற்றதைவிட ஒரு மயிரிழை வெளியே தள்ளி அச்சாகியிருக்கும். எங்கள் படத்தின் வலது ஓரத்தில் ரோஜா, வெளிர்நீலம், காவி, மஞ்சள் என்று கோடு கோடாக எட்டு நிறங்களை எண்ண முடிந்தது. வீட்டில் இருக்கும் படம் கல்லச்சா என்று சந்தேகம் இருந்தால், லூப் இல்லாவிட்டாலும் இந்த ஓரத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இப்போது கான்வாஸ் துணியிலேயே அடித்து விற்கும் இங்க்ஜெட் நகல்களில் இந்தக் கோடுகள் இருக்காது. லூப்பில் பார்த்தால் தூவிவிட்டது போன்ற மிக நுண்ணிய துளிகள்தான் தெரியும்.

ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கீழே வந்தபோதுதான் எழுத்துகள் கண்ணில் பட்டன. படத்துக்குக் கீழே இருந்த வெள்ளை விளிம்பைச் சட்டம் முழுவதுமாக மறைத்திருந்தது. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ரவி வர்மா பிரஸ், கார்லா, லோணாவ்ளா. அம்மானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்ப ஆத்தா சொன்னது நெசந்தான்" என்றார்.

அந்த வரியில் ஊர்ப் பெயர் முக்கியம். ரவிவர்மாவின் படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிட்டு மக்களிடம் கொண்டுபோகலாம் என்று 1884இலேயே யோசனை சொன்னவர் திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவ ராவ். ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களோடும் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்களோடும் தொடங்கியது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவத் தொடங்கியது. அச்சகம் இடம் மாறி, 1899 வாக்கில் மகாராஷ்டிரத்தின் லோணாவ்ளாவுக்குப் பக்கத்தில் மளவ்லி என்ற இடத்துக்குப் போனது. கார்லா அதன் அருகில்தான். கடன் ஏறி, 1901இல் அங்கே வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார்கள். ரவிவர்மா 1906இல் காலமானார். அதற்குப் பிறகும் அவர் பெயரிலேயே படங்கள் பல பத்தாண்டுகள் வெளிவந்தன. 1972இல் ஒரு தீ விபத்தில் அச்சகம் எரிந்துபோனது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. பம்பாய் என்று இருந்தால் முந்தையது, கார்லா என்று இருந்தால் பிந்தையது. எங்களுடையது 1899க்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. இன்னொன்று, ரவி வர்மா பிரஸ் என்று இருப்பதாலேயே அது ரவிவர்மா தீட்டிய ஓவியத்தின் அச்சு என்று ஆகிவிடாது. எம்.வி. துரந்தர் போன்ற வேறு ஓவியர்களின் படங்களையும் அந்த அச்சகம் வெளியிட்டது. சரஸ்வதி ரவிவர்மா வரைந்ததுதான், 1896இல். படத்துக்குள் கையெழுத்து இருந்தால் அதையும் லூப்பில் பார்க்க வேண்டும். எங்கள் படத்தில் மூலையில் இருந்த பெயர் மற்ற எல்லாவற்றையும் போல மைப் புள்ளிகளால் ஆனது, கல்லிலேயே வரைந்தது. அதைக் காட்டி ஓவியர் கையெழுத்திட்ட படம் என்று யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள்.

1899 கீழ் எல்லை. எதற்குப் பிறகு அச்சாகியிருக்காது என்ற மேல் எல்லையும் வேண்டுமே. அதற்கு இரவு வரை காத்திருந்தேன். அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடித்தபோது, முன்பக்கம் பழைய வார்னிஷ் மங்கலான பச்சையாக ஒளிர்ந்தது. தாளின் பின்பக்கம் ஒளிராமல் மந்தமாகவே கிடந்தது. 1950 வாக்கில் இருந்துதான் தாளை வெள்ளையாகக் காட்டும் ரசாயனத்தைத் தாள் ஆலைகள் சேர்க்கத் தொடங்கின. அந்தத் தாள் புற ஊதா ஒளியில் பளீரென்று நீலவெள்ளையாக மின்னும். பக்கத்தில் ஒரு புது வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். அதே நேரத்தில், பலகையின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதப் பட்டை மின்னியது. அதாவது படம் பழையது, கண்ணாடி போட்டது பிந்தியது. அணா விலை உள்ள செய்தித்தாளையும் சேர்த்துப் பார்த்தால், 1950களில் யாரோ இதைத் திரும்பச் சட்டம் போட்டிருக்கிறார்கள். கடைச் சீட்டு முழுதாக இருந்திருந்தால் யார், எங்கே என்றும் தெரிந்திருக்கும்.

கடைசித் துப்பை அம்மான் இரும்புப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தார். ஆயாவின் இசைகுடிமானம், அதாவது கல்யாணத்தின்போது எழுதிய ஒப்பந்தம். வெகுதானிய வருஷம், ஆனி மாதம். 1938. கல்யாணமாகி வந்தபோதே படம் இருந்தது என்ற ஆயாவின் வார்த்தையை நான் நம்புகிறேன். ஆகவே 1899க்கும் 1938க்கும் இடையில். இதைவிடச் சுருக்க என்னிடம் ஆதாரம் இல்லை, ஒரே வருடத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைக்கும் இடம் கொடுக்கவில்லை.

இனி நிலைமை. படம் மட்டும் 19½ அங்குல உயரம், 13¾ அங்குல அகலம். கீழ் விளிம்பு முழுதாக இருக்கிறது, மேல் விளிம்பைச் சட்டத்துக்குள் நுழைக்க வெட்டியிருக்கிறார்கள். இடது மேல்பக்கம் ராமபாணப் பூச்சி அரித்த மூன்று சிறு துளைகள். வானத்தில் பழுப்புப் புள்ளிகள். வார்னிஷ் மஞ்சளாகி இருக்கிறது. சட்டம் மறைத்திருந்த பகுதியில் வானம் உண்மையில் எவ்வளவு வெளிர் நீலம் என்று தெரிகிறது. பருத்தியில் எச்சில் தொட்டுத் துடைத்தால் மஞ்சள் போகும், உருளைக்கிழங்கு தேய்த்தால் போகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எதையும் செய்யவில்லை. தாளின் மேல் இருக்கும் வார்னிஷில் ஈரம் பட்டால் வெடிப்பு வழியாகத் தாளுக்குள் இறங்கும். உலர்ந்த பிரஷால் தூசி தட்டியதோடு சரி.

விலைக்கு வருகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. படத்தைக் கொண்டுபோகாமல், நல்ல வெளிச்சத்தில் எடுத்த எட்டுப் புகைப்படங்களைக் கொண்டுபோனேன்: முழுப்படம், நான்கு மூலைகள், கீழ் எழுத்து, பின்பக்கம், சேதம். முதல் கடைக்காரர் 4,000 ரூபாய் என்றார். அவர் சட்டத்தைத்தான் பார்த்தார், தேக்கு எத்தனை அங்குலம் என்று கேட்டார். இரண்டாவது கடையில் எழுத்து உள்ள புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு 9,000 வரை தரலாம் என்றார்கள். ஒரே படம், ஒரே நாள், ஒரே தெரு. இரண்டு பேரும் ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் மரத்துக்கு விலை சொன்னார், மற்றவர் அச்சுக்கு.

அதற்குப் பிறகு ஏல நிறுவனங்கள் வெளியிடும் பழைய முடிவுகளைப் பார்த்தேன். இங்கே கவனிக்க வேண்டியது, கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இணையத்தில் யாரும் எந்த விலையும் போட்டு வைக்கலாம். ஏலத்தில் விற்ற விலையிலும் வாங்குபவர் தரும் கட்டணம் சேர்ந்திருக்கலாம், விற்பவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் கோடிக்கணக்கில் போகும் செய்தியைப் படித்துவிட்டு அச்சுப் படத்துக்கும் அப்படிக் கனவு காணக்கூடாது. அது ஒன்றே ஒன்று, இது ஆயிரக்கணக்கில் அச்சானது.

அச்சுப் படங்களுக்குள் விலையை ஏற்றுவது என்ன என்று பார்த்தால், பம்பாய்க் காலத்து அச்சு, வெட்டாத விளிம்பு, அச்சக வரி, மங்காத நிறம், அடிக்கடி கிடைக்காத காட்சி. சரஸ்வதியும் லட்சுமியும் வீட்டுக்கு வீடு வாங்கிய படங்கள், அதனால் அதிகம் மிஞ்சியிருக்கின்றன. செட்டிநாட்டில் இன்னொரு வகை உண்டு. தேவியின் புடவைக்கு உண்மையான துணியும் ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்த படங்கள். பெண்கள் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது. அவற்றைத் தேடி வாங்குபவர்கள் தனி. யாராவது அந்த ஜரிகையைப் பிரித்து "அசல் படத்தை" மீட்கச் சொன்னால் கேட்காதீர்கள், அந்தத் தையல்தான் அங்கே அரிய பொருள்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் "நீ விற்காதே, எனக்கு அனுப்பு" என்றார். அதுவும் எளிதல்ல. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் படம் அந்த எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. அப்படிச் சந்தேகம் உள்ளதை அனுப்ப வேண்டுமென்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துப் போகலாம் என்ற யோசனைக்கு நான் சம்மதிக்கவில்லை.

விற்பதில்லை என்று முடிவானது. திரும்பக் கண்ணாடி போடக் கொண்டுபோன இடத்தில், சுருக்கம் போக ப்ளைவுட்டில் ஒட்டி லேமினேட் செய்து தருகிறோம் என்றார்கள். படத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். ஒட்டிவிட்டால் பின்பக்கம் என்றைக்கும் போய்விடும். அமிலமில்லாத அட்டை வரவழைத்து, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையால் ஒட்டித் தொங்கவிட்டேன். இந்தப் பசையைத் தண்ணீர் தொட்டுத் திரும்ப எடுத்துவிடலாம். படமும் கண்ணாடியும் தொடாமல் இருக்க நடுவில் அட்டைச் சட்டம். இந்த முறை அதன் கீழ்ப்பக்கத்தை அச்சக வரி தெரியும்படி வெட்டினேன். பழைய தேக்குச் சட்டமே மீண்டும், பழைய கண்ணாடிக்குப் பதில் புற ஊதா தடுக்கும் கண்ணாடி. பழைய கண்ணாடியையும் ஆணிகளையும் செய்தித்தாளையும் தனி உறையில் போட்டு அம்மானிடம் கொடுத்தேன்.

படம் இப்போது பட்டாலைக் கூடத்தில், வெயில் படாத உள்சுவரில் இருக்கிறது. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார்கள், குங்குமம் சட்டத்தில் மட்டும். புதுப் பின்அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: சரஸ்வதி, ரவி வர்மா பிரஸ், கார்லா–லோணாவ்ளா, கல்லச்சு, 1899–1938, 1950களில் மறுசட்டம். அதற்குக் கீழே, பழைய சீட்டில் மிஞ்சியது: "…டு சன்ஸ்". மற்ற எழுத்துகள் பிரிக்கும்போது அழிந்தன என்றும் எழுதி, தேதி போட்டிருக்கிறேன்.